புளி போட்டுத் தேய்த்த தோட்டாக்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்கப்புறம் உப்பளத்துக்கு உப்பு வாரப் போய்விட்டேன். எழுத்துப் பிழை இருக்கும், முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வரும், எந்த வருஷம் என்று கேட்டால் மறந்துபோயிருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ரைபிள் கிளப்பில் மலர் என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள். "சாரப் பத்தி நீங்களும் ரெண்டு பக்கம் எழுதுங்க பாட்டி. இத்தன வருசம் கூடவே இருந்து பாத்திருக்கீங்கல்லா" என்று மலர் வேலை பார்க்கிற தம்பி ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனார். வாயால் கேட்டிருந்தால் "நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. நோட்டு என் முகத்தைப் பார்க்காது என்பதால் எழுதுகிறேன்.

சார் என்றால் கிளப்பில் ஒருவர்தான். மற்றவர்கள் டாக்டர், வக்கீல், மேனேஜர் என்று இருப்பார்கள். இவர் வெறும் சார். ஏதோ ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். துப்பாக்கி வைக்கிற அறை ஒன்று, தோட்டா வைக்கிற அறை ஒன்று. இரண்டுக்கும் அவர்தான் பொறுப்பு. இரண்டையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது என்பது சட்டமாம். அதை அவர் ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லுவார்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய பலகை இருக்கும். கறுப்புப் பலகையில் மஞ்சள் பெயின்டில் பத்து விதிகள். அவரே எழுதியது. கையெழுத்து அழகு, அதில் குறை சொல்ல மாட்டேன். புதிதாகச் சேர வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தமாக வாசிக்க வேண்டும். துறைமுகத்தில் பெரிய வேலையில் இருக்கிறவர்கூட கையைக் கட்டிக்கொண்டு வாசிப்பார். சார் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவார். நான் அந்தப் பலகைக்குக் கீழேதான் தினமும் பெருக்குவேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துப் பத்தும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவருக்கும் மனப்பாடம்தான். நான் அதைப் படித்துப் பயந்தேன், அவர் பயப்படவில்லை.

யாராவது, "சார், நீங்க மட்டும் ஏன் இப்பிடிச் செய்யுறீங்க?" என்று கேட்டுவிட்டால் ஒரே பதில்தான் வரும்.

"விதி படிக்கிறவங்களுக்கு. எனக்கு அனுபவம் இருக்கு."

சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டா அறைச் சாவி பொறுப்பாளர் உடம்பை விட்டுப் பிரியக் கூடாது என்பது ஐந்தாவது விதி. சார் அதை அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருந்தார். பார்க்க வருகிறவர்களிடம் இடுப்பைத் தட்டிக் காட்டுவார். "தூங்கும்போதுகூட கழத்த மாட்டேன்" என்பார். அவர்கள் ஆகா என்பார்கள். அவர்கள் போனதும் சார் போய் மேஜைக்கு மேலே தொங்குகிற மளிகைக் கடைக் காலண்டரைத் தூக்குவார். அதற்குப் பின்னால் ஆணியில் இன்னொரு சாவி இருக்கும். தொந்தியை அமுக்கிச் சட்டையைத் தூக்கி அரைஞாண் சாவியை எடுப்பது கஷ்டம் இல்லையா? அதனால் அறையைத் திறந்தது எப்போதும் காலண்டர் சாவிதான். இடுப்புச் சாவி ஊருக்குக் காட்ட. காலண்டருக்குப் பின்னால் சாவி இருப்பது எனக்குத் தெரியும், வாட்ச்மேன் தம்பிக்குத் தெரியும், தண்ணீர் கேன் போட வருகிறவனுக்கும் தெரியும்.

தோட்டா அறைக்குள் நெருப்பு, செல்போன், தின்பண்டம் மூன்றும் ஆகாது என்று நாலாவது விதி. ஒரு தடவை ஒரு வக்கீல் சட்டைப் பையில் போனோடு வாசற்படியில் கால் வைத்துவிட்டார். அவர் வீட்டம்மா பக்கத்தில் நிற்கும்போதே சார், "படிச்சவங்கதானே நீங்க? வாசல்ல எழுதியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினார். அந்த மனுஷன் முகம் கறுத்துப் போய்விட்டது. நான் அப்போது அறைக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். சாருடைய போன் அங்கே சார்ஜில் கிடந்தது. பக்கத்திலேயே அவருடைய டிபன் கேரியர், ஊறுகாய் பாட்டில்.

ஆயுத பூஜைக்கு என்ன செய்தார் என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டில் நானும் அரிவாள்மணைக்குப் பொட்டு வைக்கிறவள்தான். துப்பாக்கிகளை வெளியே மேஜையில் வரிசையாக வைத்துப் பூப்போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பூஜை முடிந்ததும் சார் கற்பூரத் தட்டோடு தோட்டா அறைப் பக்கம் திரும்பினார். வாட்ச்மேன் தம்பி பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் குறுக்கே போய், "சார், வெளிய இருந்தே காட்டிருவோமே" என்றார்.

"மூலஸ்தானத்துக்கு ரோட்டுல நின்னா தீபாராதனை காட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டு சார் உள்ளே போனார். மர அலமாரி, அட்டைப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதற்கு முன்னால் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிகிறது. சார் கண்ணை மூடிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். கும்பிட வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். சார் கண்ணைத் திறந்து, "என்ன, ஒருத்தருக்கும் பக்தி இல்ல?" என்றார்.

நல்லதும் ஒன்று எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "ஏளா, காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வேல பாரு. இல்லன்னா செவிடாப் போவ" என்று சொல்லி ஒரு பஞ்சுச் சுருளை அவரே வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கு எனக்குக் காது கேட்கிறது என்றால் அது அவர் புண்ணியம். ஆனால் அவர் பஞ்சு வைக்க மாட்டார். காதுக்கு மாட்டுகிற கருவியும் மாட்ட மாட்டார். அனுபவம் இருக்கிறதே! வெடிச் சத்தத்தில் நின்று நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். நாம் சொன்னது கேட்கவில்லை என்றால், "வாயைத் திறந்து பேசு, முணுமுணுக்காத" என்று நம்மைத்தான் திட்டுவார். எனக்கு இயல்பிலேயே சத்தம் வராது. அவருக்கும் எனக்கும் நடந்த பேச்சில் முக்கால்வாசி இப்படித்தான் வீணாகப் போயிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டா அறையில் ஒரு ஏசி இருந்தது. மனிதர்களுக்காக இல்லை, தோட்டாவுக்காக. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. வீட்டுக் கதவுக் கீல் மூன்று வருஷம் தாங்காது. தோட்டா கெடாமல் இருக்க ஒரே சீராகக் குளிர்ச்சி வேண்டும் என்று வாங்கிப் போட்டிருந்தார்கள். ராத்திரி பகல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சார் என்ன செய்தார் என்றால், சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது ஏசியை அணைத்துவிட்டுப் போவார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போடுவார். ஆமாம், உள்ளே ஒரு மடக்குக் கட்டில் போட்டிருந்தார். தோட்டாக்களுக்கு நடுவில் அவர் குறட்டை விடுவது எனக்கு வராந்தாவில் கேட்கும்.

குளிர்ந்து கிடக்கிற பாத்திரத்தின் மேல் வெக்கைக் காற்றுப் பட்டால் வேர்க்கும். இதற்குப் படிப்பு வேண்டாம், அடுப்படிக்குப் போனவர்களுக்குத் தெரியும். தோட்டாப் பெட்டிகள் தினமும் வேர்த்துக் காய்ந்தன, வேர்த்துக் காய்ந்தன. ஒரு நாள் அட்டைப் பெட்டி ஒன்று சாரின் கையோடு பிய்ந்து வந்தது. அப்போதுதான் ஈரத்தைக் கண்டுபிடித்தார்.

அடுத்த நாள் எட்டு ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கல்லுப்பு வாங்கி வரச் சொன்னார். மூடியைத் திறந்து அலமாரித் தட்டுக்குத் தட்டு வைத்தார். உப்பு ஈரத்தை உறிஞ்சிவிடுமாம்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் அளத்தில் உப்பு வாரினவள். ஈரக் கொண்டல் காற்று அடிக்கிற மாதங்களில் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிற உப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். உறிஞ்சி வயிற்றுக்குள்ளேயா வைத்துக்கொள்ளும்? தண்ணீராக விடும். அந்தத் தண்ணீர் பட்டால் இரும்பு மண்வெட்டி ஒரு வாரத்தில் செதில் செதிலாக உரியும். நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன்.

"சார், உப்பு தண்ணி விடும்."

"என்னது?"

"உப்பு தண்ணி விடுமே சார்."

"சத்தமாச் சொல்லுளா!"

மூன்றாம் தடவை சொன்னதும் கேட்டுவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ உப்ப மிதிச்சவ. நான் உப்பப் படிச்சவன். போய் வேலயப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன்.

ஐப்பசி பிறந்து மழைக் காற்று ஆரம்பித்த பத்தாம் நாள் டப்பாக்கள் நிறைந்து வழிந்தன. மேல் தட்டில் இருந்து உப்புத் தண்ணீர் கீழ்த் தட்டுக்கும், கீழ்த் தட்டில் இருந்து தரைக்கும் சொட்டியது. பெட்டிகளைப் பிரித்தால் தோட்டா எல்லாம் பச்சைக் களிம்பு. பாசி பிடித்த மாதிரி இருந்தது.

கெட்ட தோட்டாவைத் தனியாக ஒதுக்கி, மேலே எழுதிக் கேட்டு, அதிகாரிகள் வந்துதான் அழிக்க வேண்டும். இதுவும் பலகையில் இருக்கிறது, ஒன்பதாவது. எழுதிக் கேட்டால் எப்படிக் கெட்டது என்று கேட்பார்கள். ஏசி, கட்டில், ஐஸ்கிரீம் டப்பா எல்லாம் வெளியே வரும். சார் எழுதிக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, வீட்டுல குத்துவிளக்கு எப்பிடித் தேய்ப்ப?"

"புளி போட்டு சார்."

"அதான். இதுவும் பித்தளதான?"

"உள்ள மருந்து இருக்கே சார்."

"மருந்து உள்ள இருக்கு. நீ வெளியதான தேய்க்கப் போற? உள்ள போயா தேய்க்கப் போற?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தேய்த்தேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. படித்தவர் சொல்கிறார், நமக்கு என்ன தெரியும் என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தோட்டா சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். கீழே பித்தளைக் கூடு, மேலே ஈயக் குண்டு. ஈயத்தின் மேல் மெழுகு மாதிரி வழுவழுப்பாக ஒன்று பூசியிருக்கும். புளித் தண்ணீரில் அதுவும் கரைந்து போயிற்று. மூன்று பிளாஸ்டிக் பேசின், இரண்டு நாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டை விரலால் தேய்த்து, அலசி, மொட்டை மாடியில் சாக்கு விரித்துக் காயப் போட்டேன். காக்கா வராமல் இருக்கக் கம்பு வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொன்னார். உச்சி வெயிலில் முக்காடு போட்டு உட்கார்ந்தேன். தோட்டாவுக்குக் காக்கா ஓட்டியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாட்ச்மேன் தம்பி தண்ணீர் தொட்டியைப் பார்க்க மேலே வந்தார்.

"என்ன மயினி, வத்தலா போட்டிருக்கீய?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், கிட்டே வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். "எவன் சொன்னான் இப்பிடிச் செய்ய?"

"சார்தான்."

"கிறுக்குப் பிடிச்சிட்டா அந்த மனுசனுக்கு? தண்ணி உள்ள இறங்கினா மருந்து செத்துரும் மயினி. முழுசாச் செத்தாக்கூடத் தேவல, சும்மா 'டிக்'னுட்டுக் கெடக்கும். பாதி செத்தாத்தான் ஆபத்து."

அப்போதுதான் ஏழாவது விதிக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. 'சத்தம் மெலிந்து கேட்டால் நிறுத்து. குழலைச் சோதிக்காமல் அடுத்த தோட்டா இடாதே.' படித்திருக்கிறேன், புரிந்ததில்லை. மருந்துக்குப் பாதி பலம்தான் இருந்தால் ஈயக் குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளுமாம். அது தெரியாமல் அடுத்ததைப் போட்டுச் சுட்டால், பின்னால் வருகிற குண்டு அதில் போய் முட்டும்.

"முட்டினா?"

"குழல் பொளக்கும். சுடுதவன் மூஞ்சிக்கு நேரா."

"நீங்க சார்ட்ட சொல்லுங்க தம்பி."

"ஏசிய அணைக்காதீங்கன்னு சொன்னதுக்கே கேட்டுல போய் நில்லுன்னாரு. நீங்க சொல்லுங்க மயினி."

"நான் எப்பிடிச் சொல்ல?"

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒரு காக்கா வந்தது. கம்பை ஆட்டினேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

காய்ந்த தோட்டாக்களை சார் புதுப் பெட்டிகளில் நல்லதோடு நல்லதாகக் கலந்து அடுக்கினார். "பாத்தியா, புதுசு மாதிரி மின்னுது" என்றார். மின்னத்தான் செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டரம்மா வந்தார். நாற்பது வயதுக்காரர். ஒவ்வொரு ஞாயிறும் வருவார், போட்டிகளுக்கும் போவார். என்னைப் பார்த்தால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிற ஒரே ஆள். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு சுட்டார். சார் பின்னால் நாற்காலியில் இருந்தார். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளைக் கூட்டி எடுக்க வேண்டும் என்பதால் நான் சுவரோரம் துடைப்பத்தோடு நின்றேன்.

என் கண் டாக்டரம்மா மேல் இல்லை. தூரத்தில் குறி அட்டைக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டின் மேல் இருந்தது. ஒவ்வொரு குண்டும் போய்ப் புதையும்போது அங்கே ஒரு சிட்டிகை மண் தெறிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மண் தெறித்தது. ஒவ்வொன்றுக்கும் எனக்கு மூச்சு வந்தது.

ஆறாவது, 'டப்' என்று வரவில்லை. நனைந்த பட்டாசு மாதிரி 'புஸ்' என்றது. மண் தெறிக்கவில்லை.

டாக்டரம்மா தலையைத் திருப்பினார். "சார், சத்தம் ஒரு மாதிரி இல்ல?"

"சத்தமெல்லாம் சரியாத்தான் வந்துச்சு" என்றார் சார். பாதிச் செவிடான மனுஷன். "குறி தப்பியிருக்கு, அவ்வளவுதான். அடுத்ததப் போடுங்க டாக்டர்."

சாரே சொல்லிவிட்டார். டாக்டரம்மா காலிக் கூட்டை வெளியே தள்ளினார். அடுத்த தோட்டாவை வைத்தார். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்தார். நான் சாரைப் பார்த்தேன். அவர் வேட்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவின் விரல் விசைக்குள் போனது.

"சுடாதீயம்மா! குண்டு உள்ளதான் கெடக்கு! சுடாதீய!"

என் சத்தம்தான். எனக்கே யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. துடைப்பம் கையில் இல்லை.

டாக்டரம்மா விரலை எடுத்துவிட்டார். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எவ அது?" என்று திரும்பினார். வாட்ச்மேன் தம்பி கேட்டில் இருந்து ஓடி வந்தார். குழலை மண்மேட்டைப் பார்த்தபடியே வைத்து, உள்ளே இருந்த தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கி துடைக்கிற நீளக் கம்பியைக் குழலுக்குள் விட்டார். கம்பி பாதியில் நின்றுவிட்டது. மெல்லத் தட்டித் தட்டித் தள்ளினார். ஈயக் குண்டு மேஜையில் விழுந்து உருண்டது.

டாக்டரம்மா பாயிலேயே உட்கார்ந்திருந்தார். கட்டையில் வைத்திருந்த கன்னத்தை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

சார் அந்தக் குண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தயாரிக்கிற எடத்துல பண்ணின தப்பு" என்றார். பிறகு, "நான் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேனே, பாத்தீங்கள்லா? எனக்கு அனுபவம் இருக்கு. அதான் தப்பிச்சோம்" என்றார்.

கை காட்டினாராம். கையில் வேட்டி நுனி இருந்தது.

எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போனதும் என் பக்கத்தில் வந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னிடம் மெல்லப் பேசினார். "புளி கிளின்னு வாயத் தொறந்த, மொதல்ல ஒன் கைதான் மாட்டும். நீதான தேய்ச்ச?"

அது உண்மைதான். நான்தான் தேய்த்தேன். நான் குனிந்து கூடு பொறுக்கினேன். மறுநாள் காலேஜில் இருந்து முப்பது பிள்ளைகள் வர இருந்தார்கள். முதல் தடவையாகத் துப்பாக்கியைத் தொடப் போகிறவர்கள். அவர்களுக்கு 'டப்' எது, 'புஸ்' எது என்று எப்படித் தெரியும்? அவர்களுக்கான பெட்டிகளை சார் அப்போதே மேஜையில் எடுத்து வைத்திருந்தார்.

டாக்டரம்மா காரில் ஏறப் போனார். அந்த மேஜையில் இருந்து ஒரு பெட்டியை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

"மோந்து பாருங்கம்மா."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மோந்து பார்த்தார். "புளிக்குழம்பு வாசனை அடிக்கே?" என்றார். ஒன்றை எடுத்து, சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈயத்தில் இருக்கிற வரிப்பள்ளத்தை நகத்தால் சுரண்டினார். பழுப்பு நிறத்தில் புளி நார் வந்தது.

"யாரு பாட்டி இப்பிடிச் செஞ்சது?"

"நான்தாம்மா தேய்ச்சேன். அவுக தேய்க்கச் சொன்னாவ. நல்லதும் இதுவும் எல்லாப் பெட்டியிலயும் கலந்து கெடக்கு. நாளைக்குப் பிள்ளைகளுக்கு இதத்தான் கொடுக்கப் போறாவ."

என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

டாக்டரம்மா காரில் ஏறவில்லை. அங்கேயே நின்று நாலைந்து பேருக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் கமிட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். எது தேய்த்தது, எது தேய்க்காதது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி மின்னியது. அதனால் அறையில் இருந்த அத்தனையையும் ஒதுக்கிச் சீல் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு மறுநாள் பாடம் மட்டும் நடந்தது. பிறகு அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சாரிடம் இருந்து இடுப்புச் சாவியையும் காலண்டர் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கிக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? விஷயம் வெளியே போனால் கிளப்புக்கு அசிங்கம் என்று ஒரு கூட்டம் போட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீண்ட நாள் சேவைக்காக என்றார்கள். விபத்து ஒன்றைத் தன் அனுபவத்தால் தடுத்தவர் என்று ஒருவர் மைக்கில் பேசினார். எழுதிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் 'அனுபவம்' என்ற வார்த்தை யாருடையது என்று தெரியும். டாக்டரம்மா அன்றைக்கு வரவில்லை. நான் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டு கடைசியில் நின்றேன்.

கூட்டம் முடிந்து சார் பொன்னாடையோடு லட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"ஏளா, அன்னைக்கு நான் சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கிட்ட."

"ஆமா சார்" என்றேன். லட்டையும் வாங்கிக்கொண்டேன். அந்த 'ஆமா சார்' இன்னும் என் தொண்டையில் கிடக்கிறது.

அதற்கப்புறமும் அவர் தினமும் வந்தார். பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருவார். புதிதாக வருகிறவர்களை நிறுத்தி வாசிக்கச் சொல்வார். சில நேரம் பழக்கத்தில் இடுப்பைத் தட்டுவார்; அங்கே ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். உடனே அவர் யாரையாவது திட்டுவார், எனக்குப் பாவம் போய்விடும். போன வருஷம் காலமாகிவிட்டார். கிளப்புச் சுவரில் அவர் போட்டோவை மாட்டி, கீழே 'பாதுகாப்புக்கு இலக்கணம்' என்று எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அதன் கண்ணாடியை நான்தான் துடைக்கிறேன்.

மலர் போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நான் எழுதியதில் தப்பு இருக்கும். கம்பி குழலில் பாதியில் நின்றதா, முக்காலில் நின்றதா என்று எனக்கு நிச்சயம் இல்லை. வாட்ச்மேன் தம்பியிடம் கேளுங்கள். புஸ் என்றது ஆறாவதா ஏழாவதா என்று டாக்டரம்மாவிடம் கேளுங்கள். அன்றைக்குக் கத்தியது யார் என்பதையும் அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி போடுங்கள். ஒதுக்கிய பெட்டிகள் எத்தனை என்பது கிளப்பில் எழுதி வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் வெட்ட வேண்டாம். புளி போட்டுத் தேய்த்தது யார் என்பதை மட்டும் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. அது நான்தான்.